தலையுள்ள குஞ்சுகள்

"வேகமா ஓடுங்க மேரிம்மா! ஆனா மெதுவா!"

பின்னாலிருந்து கத்தியவன் கல்லூரியின் விலங்கியல் துறை அட்டெண்டர் மாதப்பன். முன்னால் ஓடியவள் அதே துறையின் டெமான்ஸ்ட்ரேட்டர் பாக்கியமேரி. வயிற்றோடு சேர்த்து அணைத்திருந்த கம்பளிப் பொட்டலத்துக்குள் இரண்டு டஜன் கோழிமுட்டைகள். ஒவ்வொன்றுக்குள்ளும் ஒரு குஞ்சு வளர்ந்துகொண்டிருந்தது. ஒவ்வொரு குஞ்சுக்கும் ஒரு தலை இருந்தது. பகல் சாப்பாட்டுக்கு முன்னால் மெட்ராஸிலிருந்து வந்து இறங்கப் போகிற பெரிய டாக்டரிடம் அந்தத் தலைகளைக் காட்டியாக வேண்டும். இதயம் துடிக்கத் துடிக்க, உயிரோடு காட்ட வேண்டும். விடிந்ததும் போன கரண்ட் இன்னும் வரவில்லை.

கரண்ட் போனதும் துறைத் தலைவர் புரொபசர் ராஜாமணி செய்த முதல் காரியம், டையைச் சரிசெய்துகொண்டது. அடுத்த காரியம், பிரின்ஸ்பால் அறைக்குப் போய் மின்சார ஆபீசுக்குப் போன் போட்டுத் தான் யாரென்று இங்கிலீஷில் சொன்னது. "ஜில்லா பூரா கட்டு சார், சாயங்காலம் கேட்டுப் பாருங்க" என்று சொல்லிவிட்டு எவனோ போனை வைத்துவிட்டான். ஜில்லாவில் மோட்டார் ஓடாமல் எத்தனை வயல் காய்ந்தது என்பது ராஜாமணிக்கு ஒரு பொருட்டில்லை. தம்முடைய பெட்டி அணைந்ததுதான் அவமானம். அது ஒரு தேக்குப் பெட்டி. உள்ளே நான்கு பல்பு, ஒரு தெர்மாமீட்டர், கிண்ணத்தில் தண்ணீர். அதன் நெற்றியில் பித்தளைத் தகடு அடித்து, தம் பெயரையும் பட்டங்களையும் பொறித்து வைத்திருந்தார். இன்னும் வாங்காத டாக்டர் பட்டத்துக்குப் பெயருக்கு முன்னால் கொஞ்சம் இடமும் விட்டிருந்தார். அந்த இடத்தை நிரப்பத்தான் இத்தனை முட்டையும்.

"மிஸ் மேரி, ஏதாவது பண்ணுங்க! நீங்க கிராமத்துப் பொண்ணுதானே, இதெல்லாம் உங்களுக்குத் தெரியணுமே!" என்று உத்தரவு போட்டுவிட்டு, விருந்தாளிக்காக வாங்கிய பிஸ்கட் நமுத்துப்போய்விட்டதா என்று பார்க்கப் போனார்.

ஏதாவது. இந்த இரண்டு வருஷத்தில் அவளுக்கு அலுத்துப்போன சொல் அதுதான். முட்டை வாங்குவது, ஓட்டில் ஊசிமுனைத் துளை போடுவது, மருந்தைச் செலுத்துவது, மெழுகு வைத்து அடைப்பது, பிறகு திறந்து குஞ்சை எடுப்பது, படம் வரைவது, கண்ணாடித் தகடுகளைக் கழுவிக் கவிழ்த்துவது எல்லாம் அந்த 'ஏதாவது'க்குள் அடக்கம். கட்டுரையில் ராஜாமணியின் பெயர் தனியாக, நடுவில், பெரிதாக இருக்கும். கடைசி வரியில் 'ஆய்வக உதவியாளர்களுக்கு நன்றி' என்று இருக்கும். அந்த உதவியாளர்களில் மாதப்பனும் உண்டு, தண்ணீர்ப் பானைக்காரியும் உண்டு.

பாக்கியமேரி ஏன் இதைப் பொறுத்துக்கொண்டாள்? மெட்ராஸ் டாக்டரின் ஆய்வகத்தில் ஆராய்ச்சி மாணவருக்கு ஒரே ஒரு இடம் காலியாக இருந்தது. "அவரு மனசு குளிரட்டும், உங்க பேரைச் சொல்றேன்" என்று ராஜாமணி மாட்டுக்கு முன்னால் புல்லுக்கட்டு காட்டுவதுபோல் காட்டிக்கொண்டே வந்தார். அங்கே ஜெர்மன் மைக்ராஸ்கோப் இருக்கிறதாம். இங்கே இருப்பது லென்சில் பூஞ்சை பிடித்தது. அதில் எதைப் பார்த்தாலும் மழைக்காலம்போல் தெரியும். ஏரியூர்ப் பக்கம் கடலை போடுகிற அவள் அப்பா சவரிக்கு இந்தப் படிப்பே வேடிக்கை. "கோழிமுட்டைக்கு எதுக்குடி எம்மெஸ்சி? உங்கம்மா கைநாட்டு. அவ அடை வச்சா ஒண்ணு தப்பறதில்ல" என்பார். சொல்லிவிட்டுத் தானே சிரித்துக்கொள்வார்.

ஆனால் வேலைக்குச் சேர்ந்த புதிதில், அந்த மழைக்கால லென்சிலேயே அவள் ஒரு தடவை அதைப் பார்த்திருந்தாள். மஞ்சள் கருவின் மேல், நகத்தை விடச் சிறிய ஒரு வெளுத்த தட்டு. தட்டின் இரு ஓரங்களும் எழும்பி, வெற்றிலையை மடிப்பதுபோல் மடிந்து, ஒன்றையொன்று தொட்டு ஒட்டிக் குழாயாகிறது. குழாயின் ஒரு முனை மூன்று கொப்புளமாக உப்புகிறது. அதுதான் மூளை. காலாகப் போகிற செல்லுக்குள்ளும் அதே மரபணுக்கள், கண்ணாகப் போகிற செல்லுக்குள்ளும் அதே மரபணுக்கள். எல்லா அறையிலும் எல்லா விளக்கும் இருக்கிற ஒரு வீடு. எந்த அறையில் எந்த விளக்கை எப்போது போடுவது, எப்போது அணைப்பது? சுவிட்சுக்குப் பக்கத்தில் யார் நிற்கிறார்கள்? உலகத்தில் யாருக்கும் இன்னும் முழுதாகத் தெரியாது என்று படித்தபோது அவளுக்கு உடம்பு சிலிர்த்தது. அந்தச் சிலிர்ப்புக்காக ராஜாமணியின் டையைக்கூடச் சகித்துக்கொள்ளலாம் என்று முடிவு செய்தாள்.

ராஜாமணியின் கையில் ஒரு மருந்து கிடைத்திருந்தது. அவருடைய மைத்துனர் சீமையிலிருந்து கொண்டுவந்த சின்னக் குப்பி, உள்ளே செங்காவி நிறத்தில் ஒரு திரவம். மரபணுவில் இருக்கும் உத்தரவை யாரும் வாசிக்க முடியாதபடி அது வாயைப் பொத்திவிடும். சீமையில் முட்டையை அடைக்கு வைத்த முதல் நாளே அதைச் செலுத்தினார்கள். மூளைக்கான உத்தரவு வாசிக்கப்படவில்லை. தலையில்லாத குஞ்சுகள் வந்தன.

இங்கே தர்மபுரிக் கல்லூரியில் அதே மருந்து, அதே அளவு, அதே முதல் நாள். சில செத்தன. பிழைத்தவை எல்லாம் தலையோடு வந்தன.

வேறு யாராக இருந்தாலும் முதலில் சந்தேகம் வந்திருக்கும். ராஜாமணியைப் பொறுத்தவரை சந்தேகம் என்பது சம்பளம் குறைந்தவர்களுக்கு வருகிற வியாதி. ஒரே வாரத்தில் ஒரு கொள்கையே கண்டுபிடித்துவிட்டார். வெள்ளைக்காரன் கோழிக்கு மூளைக்கான உத்தரவு முட்டை வெளியே வந்த பிறகுதான் கிடைக்கிறது. அதனால்தான் மருந்து அதைத் தடுக்க முடிகிறது. நம் நாட்டுக்கோழிக்கோ தாயின் வயிற்றிலேயே அந்த உத்தரவு வாசித்து முடிந்துவிடுகிறது. அப்புறம் எவன் வந்து வாயைப் பொத்தி என்ன? "தாய் வயித்துலயே எல்லாம் படிச்சிட்டு வர்றது நம்ம பரம்பரைம்மா!" என்று மேசையைத் தட்டினார். அதியமான் கோட்டை கட்டிய மண் என்பதால் இதற்கு 'அதியமான் விளைவு' என்று பெயரும் வைத்தார். பெயர் வைத்த அன்று துறையில் எல்லோருக்கும் கேசரி.

கேசரியைத் தின்றுகொண்டே பாக்கியமேரி ஒன்றைச் சொல்லிப் பார்த்தாள். "சார், நாலு நாள் குஞ்சுக்கு புக்ல போட்டிருக்கிற அளவு இல்லைங்க இது. ரொம்பப் பெருசா இருக்குதுங்க. கண்ணு கருத்து, அலகு வர்ற மாதிரி..."

"புக்ல இருக்கிறது வெள்ளைக்காரன் கோழி. இது கேழ்வரகு தின்ன கோழி. வேகமா வளருது. அதுவே இன்னொரு பேப்பருக்கு ஆச்சு!" என்றார் ராஜாமணி, விரலில் ஒட்டிய நெய்யை நக்கியபடி.

இன்னொரு தடவை அவள் ஏரியூரில் அம்மா வளர்த்த கோழிகளின் முட்டைகள் சிலவற்றைக் கொண்டுவந்து அதே குப்பியிலிருந்து மருந்து செலுத்தினாள். திறந்தபோது கழுத்தோடு முடிந்துபோன சின்ன உடல்கள் கிடந்தன. தலை இல்லை. ராஜாமணி குனிந்துகூடப் பார்க்கவில்லை. "ஏரியூர்க் கோழி கலப்படம். தூக்கிப் போடுங்க." அவள் தூக்கிப் போட்டாள். மறுபடி அந்தப் பேச்சை எடுக்கவும் இல்லை. மெட்ராஸ் நினைவு வந்தால் வாய் தானாகவே மூடிக்கொண்டது. வாயைப் பொத்துகிற அந்த மருந்து தனக்கும் கொஞ்சம் ஏறிவிட்டது என்று கண்ணாடியில் தலை வாரும்போது நினைத்துக்கொள்வாள். கண்ணாடியில் தெரிகிற ஆளின் மேலும் அவளுக்குப் பெரிய மரியாதை இல்லை.

இப்போது கல்லூரி கேட்டைத் தாண்டி ஓடுகிறாள்.

"டீக்கடை பாய்லர் மேல வச்சிரலாங்களா?" என்றான் மாதப்பன் மூச்சிரைக்க.

"வெந்து போயிடும் மாதப்பா."

"வெந்தா வீணாக வுடமாட்டேன். மொளகுப்பொடி போட்டு நானே தின்னுடறேன்."

"குஞ்சு இருக்குது உள்ள!"

"அப்ப பிரியாணிங்க."

திட்டுவதற்கு வாயைத் திறந்தவளுக்குச் சட்டென்று பொறி தட்டியது. கரண்ட் இல்லாமல், பித்தளைத் தகடு இல்லாமல் முட்டையைச் சூடாக வைத்துக்கொள்ளத் தெரிந்த பிராணி ஒன்று உலகத்தில் இருக்கிறது. அது நிறைய இருக்கிற வீடும் பக்கத்துச் சந்தில்தான் இருந்தது.

ரோஷன் பீயின் வீடு.

ராஜாமணிக்கு வாராவாரம் முட்டை தருகிறவள் அவள்தான். காய்ந்த தேகம், அதற்குச் சம்பந்தமே இல்லாத பெரிய குரல். முதல் மாதத்தில் அவள் கொண்டுவந்த முட்டைகளில் பாதிக்குப் பாதி கூமுட்டையாக இருந்தன. சேவல் சேராத முட்டையில் குஞ்சு எப்படி இருக்கும்? பெட்டியில் வைத்துத் திறந்தால் வெறும் மஞ்சள் கரு நாறிக் கிடந்தது. ராஜாமணி அவளை வராந்தாவுக்குக் கூப்பிட்டு, பையன்கள் வரிசையாக நிற்க, ஒரு கூமுட்டையை அவள் காலடியில் வீசி உடைத்தார். "உசுரு இல்லாத முட்டை இனிமே ஒண்ணு வந்தாலும் கேட்டுக்குள்ள கால் வைக்கக் கூடாது! உன்னோட பீ பட்டத்தைக் காத்துல பறக்க விட்டுருவேன்!" என்றார். பையன்கள் சிரித்தார்கள். சிரிக்காவிட்டால் இண்டர்னல் மார்க் போய்விடும். ரோஷன் பீ முக்காட்டை இழுத்துவிட்டுக்கொண்டு, சேலையில் தெறித்ததைத் துடைக்காமலேயே போனாள். அடுத்த வாரத்திலிருந்து அவள் கூடையில் ஒரு கூமுட்டைகூட வரவில்லை. ராஜாமணிக்கு அதில் தனிப் பெருமை. "பயம் இருந்தா கோழியும் ஒழுங்கா போடும்" என்று பிரின்ஸ்பாலிடம் சொன்னார். உமி பரப்பிய கூடையில், துணி போர்த்தி வருகிற முட்டைகளைக் கையில் எடுத்தால் எப்போதும் இளஞ்சூடு. "பாருங்க, இப்பதான் போட்டது! அவ்வளவு ஃப்ரெஷ்!" என்று அந்தச் சூட்டைப் பையன்களுக்கும் தொட்டுக் காட்டுவார்.

"யா அல்லா! என்னா கண்ணு, முட்டைய தூக்கிட்டு ஓடியாற? காலேஜுல திருடிட்டியா?" என்று வாசலிலேயே மறித்தாள் ரோஷன் பீ.

"கரண்ட் இல்ல பீயம்மா. பொட்டி ஆறிப்போச்சு. மத்தியானம் வரைக்கும் இதுங்க சூடா இருக்கணும்."

"கரண்ட வச்சி குஞ்சு பொரிக்கிற மகராசனுக்கு கரண்ட் போனா என்னா பண்றதுன்னு தெரியாதா? டைய அவுத்து சுத்தி வெக்கச் சொல்றதுதானே?" என்று சொல்லிக்கொண்டே பொட்டலத்தைப் பிடுங்கி உள்ளே போனாள்.

உள்ளறை இருட்டு. ஓடு விலகிய ஓரிடத்தில் மட்டும் வெயில் ஒரு கழி போல இறங்கியிருந்தது. சுவரோரம் வரிசையாக மூங்கில் கூடைகள். ஒவ்வொன்றிலும் ஒரு அடைக்கோழி, இறகை உப்பிக்கொண்டு உட்கார்ந்திருந்தது. பாக்கியமேரி தயங்கினாள். அடைக்கோழியின் கூடையில் கை விட்டால் என்ன ஆகும் என்பதற்கு அவள் புறங்கையில் சின்ன வயதுத் தழும்பு இன்னும் இருந்தது.

"கொத்தாதா பீயம்மா?"

"கொத்தாது. இதுங்க எல்லாம் பழகினதுங்க."

உண்மைதான். ரோஷன் பீ கூடைகளுக்குள் கையை விட்டு முட்டைகளைத் தள்ளினாள். கோழிகள் கெக்கரிக்கக்கூட இல்லை. ஒரு செவலைக் கோழி மட்டும் கழுத்தை நீட்டி, மெழுகு வைத்து அடைத்த ஒரு முட்டையை அலகால் புரட்டிப் பார்த்து, இரவல் போன பாத்திரம் திரும்பி வந்ததுபோல் மார்புக்குக் கீழே இழுத்துக்கொண்டது. பாக்கியமேரிக்கு அது வேடிக்கையாக இருந்தது. நின்று யோசிக்க நேரமில்லை. வாசலில் மாதப்பன், "ஜீப்பு வருது! ஜீப்பு வருது!" என்று ஊரைக் கூட்டினான். வந்தது பால் வண்டி.

மெட்ராஸ் டாக்டர் வந்து சேர்ந்தபோது பகல் சாப்பாட்டு வேளையே தாண்டிவிட்டது. அதற்குள் முட்டைகள் கோழிச் சூட்டோடு கம்பளியில் திரும்பி வந்து, அணைந்த பெட்டிக்குள் அடங்கிவிட்டன. அவற்றைக் காப்பாற்றியது என்ன என்று ராஜாமணி கேட்கவில்லை. "பெட்டி நல்ல தேக்கு. சூட்டை விடாது" என்று தாமே சொல்லிக்கொண்டார்.

டாக்டர் கனமான மனிதர். உலகத்தில் எந்த ஆராய்ச்சியைச் சொன்னாலும் தான் அதைப் பல வருஷங்களுக்கு முன்பே நினைத்துவிட்டதாகச் சொல்கிற முகம். கூடவே அவர் மனைவி, மைத்துனி, மைத்துனியின் பிள்ளைகள், ஒரு பெரிய டிபன் கேரியர். வராந்தாவில் காலை வைத்ததும் டாக்டர் கேட்ட முதல் விஞ்ஞானக் கேள்வி: "ஒகேனக்கல்ல தண்ணி எப்படிப் போகுது, ராஜாமணி?"

"பிரமாதம் சார். எண்ணெய் தேச்சு விடுற ஆளுக்குக்கூடச் சொல்லி வச்சிருக்கேன்."

"வெரி குட். மீன் வறுத்து வாங்கலாமா? ஃப்ரெஷ்ஷா இருக்குமா?"

"உயிரோட பிடிச்சு உங்க கண்ணு முன்னாடியே வறுப்பாங்க சார்."

இந்த உரையாடல் முடிய எவ்வளவு நேரம் ஆனதோ, அதில் பாதி நேரம்தான் மூளைக்கு ஒதுக்கப்பட்டது. சாப்பிட்ட கையைக் கைக்குட்டையில் துடைத்துக்கொண்டு டாக்டர் மைக்ராஸ்கோப் முன்னால் உட்கார்ந்தார். ராஜாமணி அதியமான் விளைவைப் பற்றி இங்கிலீஷில் ஒரு சொற்பொழிவு ஆற்றினார். பாக்கியமேரி ஒரு முட்டையை எடுத்து ஓட்டில் சாளரம் வெட்டினாள். இந்த ஒரு முட்டையில்தான் மெட்ராஸ் இருக்கிறது. மெல்லிய தோலை விலக்கினாள். உள்ளே ஒரு சிவப்புப் புள்ளி துடித்தது. பக்கத்தில் பெரிய தலை, தலையில் கருத்த கண்.

டாக்டர் குனிந்தார். மூடிய டிபன் கேரியரை வராந்தாவில் யாரோ பிள்ளை உருட்டும் சத்தம் மட்டும் கேட்டது. டாக்டர் நிமிரவில்லை. லென்சைத் திருகினார். மறுபடி திருகினார். அவர் வந்த நேரத்திலிருந்து முதல் தடவையாக முகத்தில் ஒரு மனிதன் தெரிந்தான்.

"இது எத்தனாவது நாள்?"

"நாலு சார்," என்றார் ராஜாமணி.

"நாலு நாள்ல இப்படிக் கண்ணா?"

"நாட்டுக்கோழி சார். வீரியம்."

டாக்டர் அவரைப் பார்க்காமல் பாக்கியமேரியைப் பார்த்தார். "பெட்டியில வச்சது நீங்கதானேம்மா? நாலுதானா?"

அவள் கண்ணுக்குள் ஏரியூர் முட்டைகள் வந்து போயின. கழுத்தோடு முடிந்த உடல்கள். சொல்லலாம். 'ஏதோ சரியில்லைங்க சார், என்னன்னு தெரியல' என்று ஒரே ஒரு வாக்கியம். அது போதும். அந்த வாக்கியத்தோடு ராஜாமணியின் பட்டமும் போகும், அவள் இடமும் போகும், அப்புறம் ஏரியூர்க் கடலைக்காடு. ராஜாமணியின் கண் அவளைக் குத்திக்கொண்டிருந்தது.

"நாலுதாங்க சார்," என்றாள். அவள் பெட்டியில் வைத்தது நாலு நாளைக்கு முன்புதான். பொய் இல்லை. பொய் இல்லாததால் அது இன்னும் கேவலமாக இருந்தது.

டாக்டர் மறுபடி குனியப் போனார். வராந்தாவிலிருந்து அவர் மனைவியின் குரல் வந்தது. "ஜீப்பைத் திருப்பிட்டாங்க. இப்ப கிளம்பினாத்தான் வெளிச்சத்துல அருவி பார்க்க முடியும்!"

மனிதன் மறைந்து டாக்டர் திரும்பி வந்தார். எழுந்தார். கைக்குட்டையை மடித்தார். "இன்ட்ரெஸ்டிங், ராஜாமணி. ஆனா இதை என் லேப்ல ஒரு தடவை ரிப்பீட் பண்ணாம உங்க தீசிஸ்ல நான் கையெழுத்துப் போட முடியாது. முட்டையோட இந்தப் பொண்ணை அனுப்பி வைங்க. அங்கேயே பண்ணட்டும். சரியா வந்தா அந்தச் சீட்டை இவங்களுக்கே கொடுத்துடலாம்."

ஜீப் போன பிறகு ராஜாமணி நீண்ட நேரம் பித்தளைத் தகட்டைப் பார்த்துக்கொண்டு நின்றார். பிறகு அவள் பக்கம் திரும்பி, "அதே பொம்பளைகிட்டயே வாங்குங்க. அதே கூடை, அதே உமி, எல்லாம் அதேதான். சைன்ஸ்ல ஒரே ஒரு விஷயத்தை மாத்தினாலும் எல்லாம் மாறிடும், புரியுதா?" என்றார். அவர் வாழ்க்கையில் சொன்ன ஒரே உண்மையான விஞ்ஞான வாக்கியம் அதுதான். அதுவும் தெரியாமல் சொன்னது.

மறுநாள் காலை பாக்கியமேரி ரோஷன் பீயின் சந்துக்குள் நுழைந்தபோது அவளுக்கே தன் நடை புதிதாக இருந்தது. மொரப்பூரில் ரயில் ஏறப் போகிறாள். ஜெர்மன் லென்ஸ். மழைக்காலம் இல்லாத லென்ஸ். அதில் தட்டு மடிவதை ஆரம்பத்திலிருந்து பார்ப்பாள். ராஜாமணியும் வேண்டாம், அதியமானும் வேண்டாம். ஏரியூர் முட்டைக்கும் இந்த முட்டைக்கும் என்னதான் வித்தியாசம் என்று அங்கே போய் அவளே கண்டுபிடித்துவிடுவாள். வாய் திறக்காத நேற்றைய கேவலத்தை அப்படிக் கழுவிவிடலாம். இதுதான் அவள் இரவெல்லாம் தனக்குச் சொல்லிக்கொண்ட சமாதானம்.

ரோஷன் பீ கோழிகளுக்குத் தண்ணீர் வைத்துக்கொண்டிருந்தாள்.

"பீயம்மா, மெட்ராஸுக்குக் கொண்டுபோக நாலு டஜன் வேணும்."

"ஏன், மெட்ராஸ்ல கோழிங்கெல்லாம் செத்துப்போச்சா?"

"இந்த ஊரு கோழிதான் வேணுமாம். இதுக்கு மூளை பொறக்கறதுக்கு முன்னாடியே இருக்குதாம்."

"கோழிக்கு இருக்குது. அது எனக்குத் தெரியும்." ரோஷன் பீ உரக்கச் சிரித்தாள். "சொன்ன ஆளுக்கு இருக்குதான்னு பாத்தீங்களா? சரி, எப்ப ரயிலு?"

"நாளன்னிக்கிங்க."

"அய்ய! நாளன்னிக்கின்னா எப்பிடி கண்ணு? நாளு பத்தாதே. வழக்கமா மூணு ராத்திரியாவது அடைக்கு வெக்கணுமே!"

பாக்கியமேரிக்கு முதலில் புரியவில்லை. "எதை அடைக்கு வெக்கணும்?"

"உங்க முட்டையத்தான்." ரோஷன் பீ தண்ணீர்ச் சட்டியைக் கீழே வைத்தாள். "அன்னிக்கு பசங்க முன்னாடி என் கால்ல முட்டைய ஒடச்சானே அந்தாளு? உசுரில்லாத முட்டை வந்தா கேட்டுக்குள்ள வராதேன்னானே? போட்ட முட்டையப் பாத்ததும் உசுரு இருக்கா இல்லியான்னு சொல்றதுக்கு நான் என்னா அல்லாவா? அன்னையிலேர்ந்து ஒரு முட்டையக்கூட நேரா குடுத்ததில்ல. எல்லாத்தயும் இதுங்ககிட்ட வச்சிடுவேன். மூணாம் நாளு வெயில்ல புடிச்சிப் பாப்பேன். ரத்த நூலு ஓடினா காலேஜுக்கு. ஓடலன்னா ஹோட்டலுக்கு. ஆறிடப் போவுதுன்னு உமியைக்கூட அடுப்பு மேல காய வச்சித்தான் கொண்டாருவேன். இத்தினி வருசத்துல ஒரு கூமுட்ட உண்டா? சொல்லு!"

கூடைகளில் கோழிகள் உப்பி உட்கார்ந்திருந்தன. செவலைக் கோழி அவளை ஒரு கண்ணால் பார்த்தது. சிவப்பு மருந்து போய்ச் சேர்ந்த நேரத்தில் அந்த முட்டைகளுக்குள் விளக்கெல்லாம் போட்டாகிவிட்டது. தட்டு மடிந்து, குழாய் மூடி, கொப்புளம் உப்பி, உத்தரவு வாசித்து, கேட்டு, நடந்து முடிந்த பிறகுதான் அவள் போய் வாயைப் பொத்தியிருக்கிறாள். பேசி முடித்தவனின் வாயை.

ரோஷன் பீ செவலைக் கோழியின் அடியில் கையை விட்டு ஒரு முட்டையை எடுத்தாள். ஓட்டுச் சந்தில் விழுந்த வெயில் கழிக்குள் அதைப் பிடித்து, கையைக் குழல்போல் சுருட்டிக்கொண்டாள்.

"இந்தா, நீயே பாரு. இது அடைக்கு வச்சது. மெட்ராஸுக்குப் போறது மட்டும் எப்பிடி வேணும், சொல்லிரு. அடைக்கு வச்சதா, வெக்காததா?"

பாக்கியமேரி குனிந்தாள். முட்டை முழுதும் வெளிச்சம் ஏறி ஆரஞ்சு நிறத்தில் எரிந்தது. நடுவில் சிலந்திக்கால்போல் சிவப்பு நூல்கள். அவை சேருகிற இடத்தில் ஒரு புள்ளி, யாருடைய பதிலுக்கும் காத்திராமல் அடித்துக்கொண்டிருந்தது.